பதினோராவது கேள்விக்குறி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பிசான நெல் சாகுபடிக்குக் கடன் விண்ணப்பம் வாங்கும் நாட்களில், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த இணையச் செயலி சிலருடைய விண்ணப்பத்தை மட்டும் ஏற்க மறுத்தது. எல்லாருடையதையும் மறுத்திருந்தால் அரை மணி நேரத்தில் காரணம் தெரிந்திருக்கும். வரிசையாக ஐந்து பேருக்குப் பதிவாகும், ஆறாவது ஆளுக்கு நிற்கும், பிறகு மூன்று பேருக்குப் பதிவாகும். நின்றவருக்குத் திரையில் "தொழில்நுட்பக் கோளாறு. சிறிது நேரம் கழித்து முயலவும்" என்று வரும். அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிது நேரம் கழித்து முயன்றாலும் மறுநாள் வந்து முயன்றாலும் அதே ஆளுக்கு அதே கோளாறுதான் வந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. நின்றுபோன ஆள் யார் என்று படித்து அறியும்படியாக எங்கள் பிழைப்பதிவில், அதாவது செயலி தனக்கு நடந்ததை வரிவரியாக எழுதிவைக்கும் 'லாக்'கில், எதுவும் இல்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். "லாக் பார்த்தாச்சா?" என்று ஒருவர் கேட்பதும், "பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல" என்று இன்னொருவர் சொல்வதும் அந்த வாரம் முழுவதும் நடந்தது. ஒன்றும் இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு 4 ஜி.பி. அளவுக்கு லாக் எழுதிக்கொண்டிருந்தோம். தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது கரையில் நிற்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காத கதைதான். சர்வரை ஒருமுறை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டு, சங்கத்துக்குப் போன் செய்து, சரியாகிவிட்டது என்று இரண்டு முறை சொன்னோம்.

கலைச்சொல் பட்டியல்கள் எக்ஸெப்ஷனை 'விதிவிலக்கு' என்கின்றன. அந்தச் சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "எக்ஸெப்ஷன் அடிக்கு" என்றுதான் சொல்வோம், சாரல் அடிப்பதைச் சொல்வது போல. நிரலின் ஒரு பகுதி தன் வேலையை மேற்கொண்டு செய்ய முடியாதபோது, அதை அப்படியே போட்டுவிட்டுத் தன்னை அழைத்த பகுதியிடம் முறையிடுகிறது. அந்தப் பகுதி கவனிக்காவிட்டால் அதை அழைத்த பகுதிக்கு அம்முறையீடு போகிறது. இப்படி மேலே மேலே போகும் முறையீட்டை யாராவது ஓரிடத்தில் கேட்ச் செய்ய, அதாவது பிடித்துக் கவனிக்க, வேண்டும். எங்கே கேட்ச் செய்வது, செய்தபின் எதை எழுதி வைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நாங்கள் தவறான விடையைத் தேர்ந்திருந்தோம் என்பது, அந்தச் சங்கத்துக்கு நேரில் போன அன்றுதான் விளங்கியது.

வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் காலை வண்டியைப் பிடித்து, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று போய் இறங்கியபோது மணி பத்தரை. கணினிக்கு முன்னால் இருந்த அக்கா என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தம்பி, நீங்க பாட்டுக்குச் சரியாயிட்டு சரியாயிட்டுன்னு சொல்லுதிய. ஒங்க கம்ப்யூட்டருக்கு இசக்கியம்மாள ஆகாது போலுக்கு. ஏறாம நின்ன பேரெல்லாம் ஒண்ணொண்ணா எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

ஒரு பக்கத்துக்கு நான்கு கோடு கிழித்து, தேதி, மணி, பெயர், ஊர் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு குறிப்பு: 'ஏறல', 'ரெண்டாவது தடவையும் ஏறல', 'இங்கிலீசுல போட்டேன், ஏறிட்டு'. அந்த மூன்றாவது குறிப்பைப் படித்ததும் எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புவரை பெயர்களை ஆங்கிலத்தில்தான் பதிந்தார்கள். ரசீது தமிழில் வர வேண்டும் என்று உறுப்பினர்கள் கேட்டதால் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருந்தோம். ஏறாத பெயர்களை வரிசையாகப் படித்தேன்: இசக்கியம்மாள், பேச்சிமுத்து, சுடலைமுத்து, உச்சிமாகாளி, நெல்லையப்பன், பேச்சியம்மாள், மீண்டும் இசக்கியம்மாள், வேறு ஊர். ஏறிய பெயர்களைத் திரையில் எடுத்துப் பார்த்தேன்: முருகன், வள்ளி, ஆறுமுகம், காந்திமதி, மாரியப்பன், சுடலைமாடன். சுடலைமாடன் ஏறுகிறார், சுடலைமுத்து ஏறவில்லை என்றால் இதில் எழுத்துருக் குற்றம் இல்லை. வேறு ஏதோ ஓர் அளவுக் கணக்கு இருக்கிறது.

நோட்டில் 10.40 மணிக்கு ஓர் இசக்கியம்மாள் இருந்தார். மடிக்கணினியைத் திறந்து அன்றைய லாக்கில் 10.40-ஐத் தேடினால் அங்கே ஒரு கோளாறும் இல்லை. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பது நினைவுக்கு வந்து 05.10-க்குப் போனேன். அங்கே இருந்தது. சேமிப்பதற்கு முன் பெயரை அச்சிடும் ஒரு வரி. அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று கேள்விக்குறிகள். அதற்குக் கீழே மூன்று முறை, மூன்று விதமான வாசகங்களில், சேமிக்க முடியவில்லை என்ற புலம்பல். ஏன் முடியவில்லை என்று மூன்றில் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்விக்குறிகளுக்குக் காரணம் எளியது. எங்கள் நிரல்மொழியான ஜாவாவின் பழைய பதிப்புகள், கோப்பில் எழுதும் குறிமுறையை, அதாவது எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறையை, இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். என் மடிக்கணினியில் அது யு.டி.எஃப்-8, ஆகவே தமிழ் தமிழாகவே தெரிந்தது. சர்வரில் மொழி அமைப்பு எதுவும் கொடுக்கப்படாமல் செயலி தொடங்கப்பட்டிருந்ததால், ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த வெறும் ஆஸ்கி. அதற்குள் அடங்காத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும். 2022-இல் வந்த ஜாவா 18 முதல்தான் யு.டி.எஃப்-8 இயல்பான குறிமுறை ஆனது. தமிழில் வேலை செய்பவர்கள் லாக் கோப்பின் குறிமுறையை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்பதை நான் இந்தப் பதின்மூன்று கேள்விக்குறிகளிடம்தான் கற்றேன்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்குறிகளுக்குள்ளேயே விடையும் இருந்தது. யூனிகோடில் 'இசக்கியம்மாள்' என்பது புள்ளிகளையும் துணைக்குறிகளையும் சேர்த்துப் பதின்மூன்று குறிகள். யு.டி.எஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆக 39 பைட். ஆரக்கிள் தரவுத்தளத்தில் பெயருக்கு 30 என்று இடம் ஒதுக்கியிருந்தோம். தனியாகச் சொல்லாவிட்டால் ஆரக்கிள் அந்த 30-ஐ எழுத்துக்கணக்காக எடுத்துக்கொள்ளாமல் பைட் கணக்காக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயருக்கு 30 தாராளம். தமிழுக்கு அது பத்துக் குறி. 'சுடலைமாடன்' மிகச் சரியாகப் பத்துக் குறி, 30 பைட், விளிம்பில் நின்று உள்ளே போய்விட்டார். 'சுடலைமுத்து' பதினொன்று. காந்திமதி 27 பைட்டுடன் உள்ளே போக, 36 பைட் நெல்லையப்பர் வாசலில் நிறுத்தப்பட்டார். லாக்கைத் திரையில் ஓடவிட்டு, கேள்விக்குறிகளை எண்ணிக்கொண்டே போனேன்: பத்து வரை இருந்த வரிகளுக்குக் கீழே அமைதி, பதினொன்று தொடங்கினால் புலம்பல். ஒரு வாரமாக எங்கள் கண்முன்னே ஓடிய வரிகள் அவை.

இடத்தை எழுத்துக்கணக்குக்கு மாற்றுவது தரவுத்தளத்தில் ஒரே ஒரு கட்டளை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அக்கா நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து வரச் சொல்லத் தொடங்கினார். எனக்குத்தான் திரும்பும் பேருந்தில் நிம்மதி இல்லை.

ஆரக்கிள் தன் கடமையைச் செய்திருந்தது என்பதுதான் உறுத்தியது. இத்தகைய சமயத்தில் அது தரும் 12899 எண்ணுள்ள பிழை, எந்த அட்டவணை, எந்தப் பத்தி, வந்தது 39, கொள்ளளவு 30 என்று எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதற்கு மேல் இருந்த நூலகம் அந்தப் பிழையைத் தன் பிழைக்குள் பொதிந்து மேலே அனுப்பியது, அதுவும் முறையானதே. அதைக் கேட்ச் செய்த எங்கள் நிரல், எக்ஸெப்ஷன் முழுவதையும் லாக்கிடம் கொடுக்காமல், அதன் வெளி உறையில் இருந்த செய்தி வாசகத்தை மட்டும் உருவி எழுதியது. பிறகு மூலத்தை உள்ளே வைக்காமல் புதிய எக்ஸெப்ஷன் ஒன்றைச் செய்து மேலே வீசியது. அதைச் சேவை அடுக்கு கேட்ச் செய்து, எழுதி, மீண்டும் வீசியது. கோரிக்கையை முதலில் வாங்கும் கன்ட்ரோலரும் அவ்வாறே. ஒரே துக்கத்தை மூன்று வீட்டார் சொல்ல, இறந்தவர் பெயரை ஒருவரும் சொல்லாத மாதிரி. எக்ஸெப்ஷன் கடந்து வந்த தடத்தைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸின் அடியில் 'காஸ்டு பை' (இதனால் நேர்ந்தது) என்று தொடங்கும் வரிதான் பெரும்பாலும் உண்மைக் காரணம். நாங்கள் தலையைப் பத்திரப்படுத்தி வாலை வெட்டி எறிந்திருந்தோம், விஷயமோ வாலில் இருந்தது.

மறுவாரம் நிரலில் இருந்த கேட்ச்களை எண்ணினோம். 212. அவற்றில் ஏறத்தாழ 190-ஐ நீக்கிவிட்டோம். சரிசெய்ய முடிந்த இடத்தில் மட்டும் கேட்ச் செய்வது, மற்ற எல்லாவற்றையும் விளிம்பில், அதாவது கோரிக்கை உள்ளே வந்த வாசலிலேயே, ஒரே இடத்தில் கேட்ச் செய்து ஒரே ஒருமுறை முழுமையாக எழுதுவது என்பது முடிவு. ஸ்பிரிங் என்னும் ஜாவாச் சட்டகத்தில் இதற்கென்று 'கன்ட்ரோலர் அட்வைஸ்' இருக்கிறது. மற்றச் சட்டகங்களிலும் இதற்கு இணையானது உண்டு. இடையில் உள்ள அடுக்கு எக்ஸெப்ஷனோடு கூடுதலாக ஏதாவது சொல்ல விரும்பினால், மூலத்தை உள்ளே வைத்துப் பொதியலாம், ஆனால் எழுதக் கூடாது. சி ஷார்ப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்கு இதைச் சொன்னபோது, அங்கே இன்னொரு வழுக்கல் இருப்பதாகச் சொன்னார்: கேட்ச் செய்ததை வெறுமனே 'த்ரோ' என்று வீசினால் தடம் அப்படியே இருக்கும், மாறியின் பெயரைச் சேர்த்து வீசினால் தடம் வீசிய வரியிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும்.

அடுத்து, அக்காவின் நோட்டில் இருந்து எடுத்துக்கொண்ட ஒன்று. ஒவ்வொரு கோரிக்கைக்கும் உள்ளே நுழையும்போதே ஆறு இலக்கக் குறி ஒன்றைக் கொடுத்து, அது தொடர்பான எல்லா லாக் வரிகளிலும் அது தானாக அச்சாகும்படி செய்தோம். கோளாறு வந்தால் திரையில் அதே குறி பெரிய எழுத்தில் தெரியும். போனில் படித்துச் சொல்ல வேண்டும் என்பதால் எண்கள் மட்டும். முதலில் ஆங்கில எழுத்துகளைக் கலந்திருந்தோம், ஓ-வும் பூஜ்யமும் செய்த குழப்பத்தில் இரண்டு நாளில் விட்டுவிட்டோம். இந்தக் குறி, கோரிக்கையைக் கையாளும் த்ரெட்டோடு, அதாவது நிரலின் ஓட்ட இழையோடு, ஒட்டிக்கொண்டிருப்பது என்பதால், வேலையை வேறொரு த்ரெட்டுக்கு மாற்றிவிடும் இடங்களில் அங்கேயே உதிர்ந்துவிடும். குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. குறியைக் கையோடு எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

குறுஞ்செய்தி என்றதும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோளாறு வந்தபோதும் எங்கள் செயலி 200 என்ற 'எல்லாம் நலம்' நிலைக்குறியோடுதான் பதில் அனுப்பிக்கொண்டிருந்தது. கோளாறு வாசகத்தைத் திரையில் காட்டிவிட்டோமே, போதாதா என்ற நினைப்பு. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் கண்காணிப்பு நிரலுக்கு அதனால் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. உறுப்பினர் பெயரைக் கேட்டு வாங்கும் குறுஞ்செய்தி நிரலோ, வந்ததைப் பெயர் என்று நம்பி, "வணக்கம் தொழில்நுட்பக் கோளாறு அவர்களே, தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது" என்று சிலருக்கு அனுப்பியிருக்கிறது. சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்போடு போயிற்று.

சிரிப்போடு போகாததும் உண்டு. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவில் இருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், புறப்பட்டு 40 விநாடிகளுக்குள் திசை திரும்பிச் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்கப் பார்த்து அடங்காமல் எக்ஸெப்ஷன் எழுந்தது. அதைக் கேட்ச் செய்ய அங்கே யாரும் இல்லை. இவ்வளவும் பலர் அறிந்ததே. விசாரணைக் குழுவின் அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் அதற்கு அடுத்தது: திசைகாட்டும் கருவியின் கணினி நின்றுபோகும்போது தன் பழுதறி விவரத்தை வெளியே அனுப்ப, ராக்கெட்டின் முதன்மைக் கணினி அதைப் பறத்தல் விவரம் என்று எடுத்துக்கொண்டு அதன்படி திருப்பியது. இடம் போதாமை, பிழைச் செய்தி தரவு போகும் வழியில் போனமை என்ற இரண்டும் சேர்ந்து எங்கள் சங்கத்திலும் நடந்திருக்கின்றன என்று நினைத்தபோது, அளவில் ஒப்பிடவே கூடாது என்றாலும், கொஞ்சம் வியர்த்தது.

எதை எந்தத் தரத்தில் எழுதுவது என்பதில் எனக்குப் பெரிய கொள்கை இல்லை. எரிக் ஆல்மன் 1980-களில் சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் நிரலுக்காக உண்டாக்கிய சிஸ்லாக் பதிவுமுறையில் 0 முதல் 7 வரை எட்டுத் தரங்கள். எட்டும் எங்களுக்கு அதிகம். யாராவது எழுந்து வந்து பார்க்க வேண்டியது மட்டும் 'எரர்'. உறுப்பினர் தவறான கைப்பேசி எண்ணைப் போட்டால் அது அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி, எங்களுக்கு அன்று.

எழுதக் கூடாதவற்றைப் பற்றி அதிகம் யோசித்தோம். நின்றுபோன ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று பெயரையும் ஆதார் எண்ணையும் லாக்கில் கொட்டினால், அது பூட்டில்லாத இன்னொரு தரவுத்தளம் ஆகிவிடும். ட்விட்டர் 2018 மே மாதம் தன் பயனர்கள் 33 கோடிப் பேரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. படிக்க முடியாதபடி உருமாற்றுவதற்கு முன்பே கடவுச்சொல் அப்படியே உள் லாக் ஒன்றில் எழுதப்பட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். நாங்கள் உறுப்பினர் எண், விண்ணப்பத்தின் கட்டம், புலத்தின் பெயர், அதில் இருந்த குறிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம். எண்ணிக்கையைச் சேர்க்கச் சொன்னது நான். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து வரும் எந்த வாசகமும் வரிமுறிவு நீக்கப்பட்டுத்தான் லாக்குக்குள் போகும், இல்லாவிட்டால் பொய்யான லாக் வரியை யார் வேண்டுமானாலும் படிவத்தின் வழியே எழுதிவிடலாம். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டை இதைவிட ஒரு படி மேல்: லாக்கில் எழுதக் கொடுத்த வாசகத்தை அந்த நூலகம் கட்டளையாகவே படித்து, வெளிச் சர்வரில் இருந்து நிரலை இறக்கி ஓடவிட்டது. அபாய அளவு 10-க்கு 10. அந்த வார இறுதியில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலை போட்ட பிறகு, கைப்பேசியில் பதிப்பு எண்களைச் சரிபார்த்தவன் நான். பழைய லாக்கை எத்தனை நாள் வைப்பது என்பதை நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் ஆணை 180 நாள் என்கிறது, சர்வர் கடிகாரங்களை அரசின் நேரச் சர்வர்களோடு ஒத்துவைக்கவும் சொல்கிறது.

இவ்வளவும் செய்தபின் ஒரு நாள், முழுத் தடத்தோடு எழுதுகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருந்த லாக்கில், தடமே இல்லாத 'நல் பாயின்டர்' எக்ஸெப்ஷன், அதாவது இல்லாத பொருளை நிரல் தொடப் போனதால் எழும் முறையீடு, வரிவரியாக வந்து விழுந்தது. யாரோ பழையபடி வாலை வெட்டுகிறார்கள் என்று சக ஊழியர் ஒருவரோடு வீணாகச் சண்டை போட்டேன். ஜாவா நிரலை ஓடவைக்கும் ஹாட்ஸ்பாட் என்னும் பொறி, ஒரே இடத்தில் ஒரே எக்ஸெப்ஷன் மீண்டும் மீண்டும் எழுந்தால், வேகத்துக்காக, தடம் இல்லாத ஆயத்த எக்ஸெப்ஷன் ஒன்றை வீசத் தொடங்கிவிடும். அன்றைய லாக்கின் தொடக்கத்துக்குப் போனால் முதலில் வந்தவற்றில் முழுத் தடமும் இருக்கும். அல்லது அந்தச் சலுகையை ஓடவிடும்போதே அணைத்துவிடலாம். அணைத்துவிட்டோம். சக ஊழியருக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் சங்கத்துக்குப் போயிருந்தேன். அக்கா மூன்றாவது நோட்டில் இருந்தார். கோடு நான்கு ஐந்தாகியிருந்தது. ஊருக்கு அடுத்து எங்கள் ஆறு இலக்கக் குறிக்கு ஒரு பத்தி. பெரும்பாலான குறிகளை லாக்கில் தேடி எடுத்துவிட முடிந்தது. நான்கு வரிகளில் மட்டும் அந்தப் பத்தி வெறுமையாக இருந்தது. கேட்டேன்.

"நம்பரே வரல தம்பி. சுத்திக்கிட்டே இருந்துச்சு, பெறவு வெள்ளையாயிட்டு."

நான்கும் வெவ்வேறு நாள், நான்கும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டி. சர்வர் லாக்கில் 09.30-ஐ ஒட்டி அந்த உறுப்பினர்களின் கோரிக்கை எதுவும் வந்து சேரவே இல்லை. வந்து சேராததை அது எழுதவும் இல்லை. உலாவியிலேயே எழும் கோளாறுகளைப் பிடித்து, இணைப்புத் திரும்பியதும் அனுப்பும் சிறு பகுதி ஒன்றை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை அந்த நான்கு வரிகள் அக்காவின் நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன; கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.